முதியோர் இல்லம்: தள்ளி விடுகிற இடமா, தாங்கிப் பிடிக்கிற இடமா?



குடும்ப நலம் என்றதும் கர்ப்பிணிப் பெண், கைக்குழந்தை, தடுப்பூசி, இரண்டு பிரசவத்துக்கு நடுவே இடைவெளி என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் குடும்பம் தொட்டிலோடு முடிந்து விடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் ஆயாவும் குடும்பம்தான். இந்தத் துண்டுப் பிரசுரம் அவர்களைப் பற்றியது. நாளைக்கு அதே திண்ணையில் உட்காரப் போகிற உங்களைப் பற்றியதும் ஆகும்.

வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தாய்மார் கூட்டம் நடந்தது. முடிகிற சமயத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டார்:

“அம்மா, ‘நாமிருவர், நமக்கிருவர்’னு நீங்கதான் சொன்னீங்க. நானும் ரெண்டோட நிறுத்திட்டேன். இப்ப எங்க மாமியாருக்கு எழுபத்தாறு வயசு. ராத்திரி கொல்லைக்குப் போறப்ப விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சிடுச்சி. ஆப்பரேஷன் ஆயிடுச்சி. நானும் அவரும் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். டவுன்ல முதியோர் இல்லம் இருக்காமே, அங்க விட்டுடலாமான்னு அவரு கேக்கறாரு. விட்டா பாவமா? நாளைக்கு எங்களுக்கு முடியாம போனா எங்களை யாரு பாத்துப்பாங்க?”

கூட்டத்தில் சத்தமே இல்லை. எல்லார் மனசிலும் இருந்த கேள்வியைத்தான் அவர் கேட்டு விட்டார். அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஏன் இந்தப் பேச்சு இப்போது?

1951-ஆம் ஆண்டு வாக்கில் நம் நாட்டில் சராசரி ஆயுள் சுமார் 32 வயதுதான். அதாவது எல்லாரும் 32-ல் இறந்து போனார்கள் என்று அர்த்தமில்லை. பிறந்த குழந்தைகள் பேதியிலும் அம்மையிலும் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு இறங்கிப் போயிருந்தது. இப்போது அது 70 வயதை எட்டிவிட்டது. 60 வயதைத் தொட்டவர் இன்னும் பதினேழு, பதினெட்டு வருஷம் இருப்பார் என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கு மேல். அதாவது 100 பேரில் 8 அல்லது 9 பேர். தமிழ்நாட்டில் 100-க்கு 10 பேர், கேரளத்தில் 12 பேருக்கு மேல். இது நல்ல சேதிதான். தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் ஆஸ்பத்திரியும் கொடுத்த பலன். ஆனால் ஆயுள் நீண்டதே ஒழிய, வீட்டில் பார்த்துக் கொள்கிற ஆள் நீளவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். மருமகளும் வேலைக்குப் போகிறாள்.

இன்னொன்றையும் பெண்கள் கவனிக்க வேண்டும். நம் வழக்கத்தில் கணவனை விட மனைவி வயதில் சின்னவள். ஆயுளும் பெண்களுக்குச் சற்று அதிகம். ஆகவே கடைசிக் காலத்தைத் தனியாகக் கழிக்க நேர்வது பெரும்பாலும் மனைவிதான். இது பயமுறுத்தச் சொன்னதில்லை. முன்னேற்பாடு செய்யச் சொன்னது.

“ரெண்டோட நிறுத்தினதாலதான் இந்தக் கதியா?”

நேராகவே பதில் சொல்கிறேன். பிள்ளை குறைந்தால் பங்கு போட்டுக்கொள்ள ஆள் குறைகிறது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த முதியோர் இல்லங்களில் ஐந்து பிள்ளை பெற்றவரும் இருக்கிறார், பிள்ளையே இல்லாதவரும் இருக்கிறார். ‘பெரியவன் பாத்துப்பான்’ என்று சின்னவனும், ‘சின்னவன் பாத்துப்பான்’ என்று பெரியவனும் இருந்து விடுகிறார்கள். முதுமையில் சோறு போடுவது பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல. பிள்ளைகளின் மனசு, கையில் உள்ள சேமிப்பு, உடம்பின் ஆரோக்கியம், ஊரில் உள்ள ஏற்பாடு இந்த நாலும்தான்.

புதுச்சேரிக்கு இது புதிதல்ல

வெளியூரில் பிள்ளைகள், உள்ளூரில் வயதானவர்கள் என்ற நிலைமையை நம் புதுச்சேரி டவுன் மற்ற ஊர்களுக்கு முந்தியே பார்த்திருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு வந்த ‘சொல்தா’க்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி இந்திய நிர்வாகத்தில் சேர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான மாற்றம் முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் பிள்ளைகள் பிரான்சுக்குப் போய் விட்டார்கள். பெற்றோர் இங்கே பெரிய வீட்டில், உயரமான வாசற்படியோடு தனியாக இருந்தார்கள். கையில் பணம் உண்டு. ராத்திரி இருமினால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. பணம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

பெற்றோரைக் காப்பாற்றுவது தர்மம் மட்டுமல்ல, கடமை என்பதும் இங்கே பழைய விஷயம். 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் 205-வது பிரிவில், கஷ்டத்தில் இருக்கும் தாய் தந்தையருக்குப் பிள்ளைகள் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று விதித்தது. பிரான்சில் இன்றும் அது அமலில் உள்ளது. நம் நாட்டில் 2007-ல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதியோர் இல்லம் என்றால் ஒரே மாதிரியா?

இல்லை. பேர் ஒன்றாக இருந்தாலும் பல வகை உண்டு. தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

1. இலவச இல்லம்: ஆதரவற்றவர்களுக்காக அரசும், தர்ம ஸ்தாபனங்களும், கன்னியாஸ்திரீ மடங்களும் நடத்துவது. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது 150 பேர் தங்கும்படியான இல்லம் ஏற்படுத்த 2007 சட்டம் வழிசெய்கிறது.

2. கட்டண இல்லம்: மாதம் இவ்வளவு என்று கட்டித் தங்குவது. தனி அறையும் உண்டு, நாலைந்து பேர் சேர்ந்த கூடமும் உண்டு.

3. ஓய்வுக்காலக் குடியிருப்பு: நடமாட்டம் உள்ள முதியவர்கள் வீட்டை விலைக்கோ குத்தகைக்கோ எடுத்துக்கொண்டு, பொதுச் சமையற்கூடத்தில் சாப்பிட்டு வாழ்வது. கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. புதுச்சேரி சுற்றுப்புறத்திலும் வந்திருக்கின்றன. இதற்கு நல்ல பணம் வேண்டும்.

4. உதவியோடு வாழும் இல்லம்: குளிக்க, உடுத்த, சாப்பிட, மாத்திரை போட, கழிப்பறைக்குப் போக கைகொடுக்க ஆள் இருக்கும் இடம். ஞாபக மறதி நோய் வந்தவர்களுக்கும் இப்படிப்பட்ட இடம்தான் ஏற்றது.

5. குறுகிய காலத் தங்கல், பகல் நேரப் பராமரிப்பு: ஆப்பரேஷன் ஆனவரை ஒன்றிரண்டு மாதம் மட்டும் வைத்துப் பார்ப்பது, அல்லது காலையில் விட்டு மாலையில் அழைத்துப் போவது. விட்டால் திரும்ப அழைத்து வரவே முடியாது என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

அங்கே பொழுது எப்படிப் போகும்?

நல்ல இல்லம் ஒன்றில் பொழுது இப்படிப் போகும். விடிகாலையில் காப்பி. பிறகு கை கால் நீட்டி மடக்கும் தேகப் பயிற்சி. எட்டு மணிக்கு இட்லியோ கஞ்சியோ. செவிலி வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதுவார். பேப்பர் படிப்பவர் ஒரு பக்கம், கீரை ஆய்பவர் ஒரு பக்கம், தாயம் ஆடுபவர் ஒரு பக்கம். மத்தியானம் பல் இல்லாதவருக்குக் குழைந்த சாதம், சர்க்கரைக்காரருக்கு அளவுச் சாப்பாடு. சாயங்காலம் காற்றாட நடப்பது. டவுனில் இருப்பவர்கள் மாலை வாகனம் நிறுத்தப்படும் கடற்கரைச் சாலைக்குப் போய் உட்காருவதும் உண்டு. ராத்திரி ஏழு, ஏழரைக்குள் பலகாரம். பிறகு பிரார்த்தனை, தூக்கம்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆதரவிழந்த முதியவர்களுக்காக, ஹெல்ப்பேஜ் இந்தியா என்ற அமைப்பு கடலூர் மாவட்டத்தில் ‘தாமரைக்குளம் முதியோர் கிராமம்’ என்ற ஒன்றை ஏற்படுத்தியது. ஏறக்குறைய நூறு பேருக்கான இடம். அதை ஒரு கட்டடமாகக் கட்டி அடைக்காமல் கிராமம் போலவே அமைத்தார்கள். முடிந்தவர்கள் தோட்டத்தில் காய் பறிக்கிறார்கள், மாட்டைப் பார்க்கிறார்கள். ‘நானும் ஒரு ஆள்’ என்ற நினைப்பு அங்கே உயிரோடு இருக்கிறது. வேலையே இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் மூன்று வேளை சோறு போட்டாலும் முதியவர் வாடிப் போவார்.

குறையும் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளையின் சத்தம் அங்கே கிடையாது. பழகிய தெரு, பழகிய கோயில், கையால் வைத்த குழம்பு கிடையாது. போன புதிதில் அநேகம் பேர் சாப்பிட மாட்டார்கள், அழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்ப்பார்கள். வாரம் ஒரு முறை பிள்ளை வந்து போகிற முதியவர் தேறி விடுகிறார். யாரும் வராதவர் தேறுவது கஷ்டம்.

சேர்ப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

இல்லத்தின் சௌகரியங்களைப் போட்டோவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பஸ் ஏறிப் போய், சொல்லாமல் ஒரு முறை, சாப்பாட்டு வேளையில் ஒரு முறை பாருங்கள்.

* தரை: பளபளப்பான தரை வழுக்கும். குளியலறையில் சொரசொரப்பான தரையும், சுவரில் கைப்பிடிக் கம்பியும் அவசியம்.
* கழிப்பறை: உட்கார்ந்து எழ முடியாதவருக்கு நாற்காலி உயரத்தில் கோப்பை வேண்டும். படுக்கையிலிருந்து பத்தடிக்குள் இருந்தால் உத்தமம்.
* சரிவுப் பாதை: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு இருந்தால்தான் சக்கர நாற்காலி பத்திரமாக ஏறும். கதவு மூன்றடி அகலமாவது இருக்கட்டும்.
* ராத்திரி: விடிவிளக்கு உண்டா? கட்டிலருகே மணி உண்டா? அடித்தால் எழுந்து வர ஆள் உண்டா? பெண்களுக்குப் பெண் பணியாளர் உண்டா?
* படுக்கையில் இருப்பவர்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? முதுகையும் குதிகாலையும் பாருங்கள். படுக்கைப் புண் இருந்தால் கவனிப்பு போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.
* மருந்து: யாருக்கு எந்த மாத்திரை என்று எழுதி வைத்திருக்கிறார்களா? அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி?
* மூக்கால் பாருங்கள்: சிறுநீர் வாடை வீசினால் பேச்சே வேண்டாம்.
* அங்கே உள்ளவர்களிடம் பேசுங்கள்: பணியாளர் இல்லாத நேரத்தில் “சாப்பாடு எப்படி பாட்டி?” என்று கேளுங்கள். முகமே சொல்லிவிடும்.
* காகிதம்: மாதக் கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி? முன்பணம் திரும்பக் கிடைக்குமா? நோய் முற்றினால் வைத்துக்கொள்வார்களா, அனுப்பி விடுவார்களா? எழுத்தில் வாங்குங்கள். ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கு 2019-ல் மத்திய அரசு மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. கைப்பிடி, வழுக்காத தரை, அவசர மணி ஆகியவற்றோடு தெளிவான ஒப்பந்தமும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

முதலில் வீட்டைச் சரி செய்யுங்கள்

வயதான எல்லாருக்கும் இல்லம் தேவையில்லை. பெரும்பாலானவர்கள் சின்னச் சின்ன மாற்றத்தால் வீட்டிலேயே சுகமாக இருக்கலாம். வயதானவரைப் படுக்கையில் தள்ளுவது பல வீடுகளில் ஒரே ஒரு வழுக்கல்தான். வயதாக ஆக எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழந்து மெலிகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது இன்னும் வேகம். விழுந்தால் இடுப்பு எலும்பு ஒடிகிறது. படுத்த படுக்கையானால் சளி கட்டுகிறது, புண் வருகிறது, மனசும் ஒடிகிறது.

ஆகவே, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு கம்பி போடுங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கால் தடுக்கும் கோணியை, ஈரச் சாக்கை எடுத்து விடுங்கள். கழிப்பறையைக் கொல்லைக் கோடியில் கட்டாமல் வீட்டை ஒட்டிக் கட்டுங்கள். கண்ணில் புரை இருந்தால் ஆப்பரேஷன் செய்து விடுங்கள். பார்வை தெளிந்தாலே விழுவது குறையும். சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கப்படுகிறது. பெரிய நோய் என்றால் டவுன் பெரியாஸ்பத்திரியும் கோரிமேடு ஜிப்மரும் இருக்கின்றன. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆதார் அட்டையோடு போய் விசாரித்துப் பதிவு செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2007 சட்டப்படி 60 வயது நிறைந்தவர் மூத்த குடிமகன். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ‘பிள்ளை’ என்றால் மகன் மட்டுமல்ல. மகளுக்கும், வயது வந்த பேரன் பேத்திக்கும் பொறுப்பு உண்டு. மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லலாம் என்று அந்தச் சட்டத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். நோட்டீஸ் அனுப்பிய 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. முதியவரை வேண்டுமென்றே கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெரியவர்களுக்கு முக்கியமான ஒரு வார்த்தை: உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்காதீர்கள். கொடுப்பதானால், ‘என்னைக் கடைசி வரை காப்பாற்ற வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். நிபந்தனை மீறினால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்க 23-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. அவசரத்துக்கும் ஆலோசனைக்கும் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

இப்போதே நீங்கள் செய்ய வேண்டியது

உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். ‘அதுக்குள்ள கெழவனாக்கறீங்களே’ என்று சிரிக்காதீர்கள். முதுமைக்கான அஸ்திவாரம் இந்த வயதில்தான்.

சேமிப்பு: தபால் ஆபீசிலோ பாங்கிலோ மாதம் கொஞ்சமாவது மனைவி பேரிலும் போடுங்கள். 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள், வருமான வரி கட்டாதவர்கள் என்றால், 2015-ல் தொடங்கிய அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, கட்டிய தொகைக்கேற்பக் கிடைக்கும்.

உடம்பு: பீடி, புகையிலை, சாராயம் வேண்டாம். 30 வயதிலிருந்தே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் கொள்ளுங்கள். கீரை, கேழ்வரகு, பால், முட்டை எலும்புக்கு நல்லது.

பேச்சு: பெரியவரைக் கேட்காமல் அவரைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். ‘உனக்கு எங்க இருந்தா மனசு நிம்மதியா இருக்கும்?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் ஆயாவிடம் பேசுகிற தொனியில்தான் நாளைக்கு உங்களிடம் பேசுவார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில்

‘விட்டா பாவமா?’ என்று கேட்ட அந்தப் பெண் வீட்டுக்கு நானும் போனேன். முதலில் மாமியாரைக் கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நடக்கறவரைக்கும் வேணா எங்கியாச்சும் இருக்கறேன். நடந்துட்டா ஊட்டுக்கு இட்டாந்துடணும்” என்றார். அப்படியே செய்தார்கள். டவுனில் ஒரு இல்லத்தில் இரண்டு மாதம். அங்கே தினமும் கால் பயிற்சி கொடுத்தார்கள். ஞாயிறு தவறாமல் மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ போனார்கள். அந்த இரண்டு மாதத்தில் வீட்டை ஒட்டி ஒரு கழிப்பறையும், சுவரில் ஒரு கம்பியும் போட்டார்கள். செலவுக்கு நாத்தனாரும் பாதி கொடுத்தார். இப்போது ஆயா நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார்.

நாளைக்கு அவருக்கு ஞாபகம் தப்பிப் போகலாம். ராத்திரி பகல் பார்க்க வேண்டி வரலாம். அப்போது இந்தத் தம்பதியால் முடியாமல் போகலாம். அன்றைக்கு நல்ல இல்லம் ஒன்றில் சேர்ப்பது பாவமில்லை. பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியே கிடக்க விடுவதை விட அது மேல். இல்லத்தில் விட்டுவிட்டுப் பார்க்கப் போகாமல் இருப்பதுதான் பாவம். வீட்டில் வைத்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் அதே பாவம்தான்.

நினைவில் வையுங்கள்:

வழுக்காத தரை, கையெட்டும் கம்பி, ராத்திரி விளக்கு.
கேட்ட பிறகே முடிவு. எழுதிய பிறகே பணம்.
மகனுக்கும் மகளுக்கும் சம பொறுப்பு.
எங்கே இருந்தாலும் வாரம் ஒரு முறை முகம் காட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தயங்காமல் கேளுங்கள். இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.